மாத்தளைத் தோட்டங்களும் கொழுக்கிப் புழுவும்

மாத்தளையின் பூர்வ சரித்திரத்தைப் பேசுவோர், மன்னாரில் கரையிறங்கித் தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரையும், அவ்வழியிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் மாண்டவரையும், எஞ்சியோர் கோப்பியும் பின்னர் தேயிலையும் ரப்பரும் வளர்த்ததையும் உருக்கத்தோடு நினைவுகூர்வர். ஆயின், அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கையில் நடத்திய கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் 1916ஆம் ஆண்டில் இந்த மாத்தளைத் தோட்டங்களிலேதான் ஆரம்பமாயிற்று என்பதை நினைப்பவர் மிகச் சிலரே.

மலத்தோடு நிலத்தில் விழும் இப்புழுவின் முட்டை, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் பொருந்திய மண்ணிலே பொரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. தேயிலை மலையின் மண்ணும், செருப்பறியாத கால்களும், மலசலகூடமில்லாத லயங்கள் என்னும் வரிசை வீடுகளும் அதற்கு வேண்டிய யாவற்றையும் குறைவின்றி அளித்தன. சோம்பல் என்று வையப்பட்ட சோர்வு பலரிடத்தே இரத்தசோகையாகவே இருந்தது.

செனோப்போடியம் எண்ணெயைக் கொடுத்துப் பின் பேதிமருந்து கொடுப்பது அக்காலத்துச் சிகிச்சை. அளவு மீறினால் அந்த எண்ணெய் நஞ்சு. பலவீனமான தேகத்துக்கு அது எளிதில் தாங்கக்கூடியதுமன்று. அத்தனை வேதனையைப் பொறுத்துப் புழுவை வெளியேற்றிய மனிதன், மறுநாள் பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்புக்கு அதே மண்ணில், அதே வெறுங்காலோடு நடந்தான். புழுவும் மீண்டும் ஏறியது. மருந்துக்கு இசைந்த தோட்ட நிர்வாகங்கள் மலசலகூடம் கட்டும் செலவுக்கு எளிதில் இசையவில்லை. தொழிலாளரின் பழக்கத்தைப் பழிப்பது அவற்றுக்கு மலிவாக இருந்தது; அப்பழியை நான் ஏற்கேன்.

மண்ணே நோயைப் பரப்புவதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. இதே காலத்தில், அமெரிக்காவில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரின்ஸ்டன் கிளையில் தியோபால்ட் ஸ்மித் என்னும் விஞ்ஞானி, வான்கோழிக் குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் கருந்தலை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோழிகளின் குடற்புழு முட்டையே அந்நோயைச் சுமந்து செல்கிறது என்பதை 1920இல் அவரும் கிரேபில் என்பவரும் வெளிப்படுத்தவே, கோழிகள் மேய்ந்த நிலத்தில் வான்கோழிக் குஞ்சுகளை விடலாகாது என்ற விதிக்கு உறுதியான காரணம் கிடைத்தது. பண்ணைக்காரன் தன் குஞ்சுகளை வேறு நிலத்துக்கு மாற்றினான். லயத்துக் காம்பராவிலே பிறந்த குழந்தைக்கு மாறிச் செல்ல வேறு நிலம் இல்லை. அதன் காலடி மண்ணையே சுத்தஞ்செய்து கொடுத்திருக்க வேண்டும்.

மருந்து மட்டும் போதாதென்பதை அனுபவத்தால் உணர்ந்த பின்னரே, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டு, கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பராமரிப்பதோடு, வீடுதோறும் மலக்குழி வெட்டச் செய்வதும் வைத்தியத்தின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.