வளவு வீடு ஓட்டலான கதை

சிதம்பரம் பக்கம் படிச்சவங்களுக்கு ராஜா சர் அண்ணாமலை செட்டியாரைத் தெரியாம இருக்காது. 1929-ல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அவரோட ஊர் கானாடுகாத்தான். அந்த ஊர்ல அவர் அரண்மனை மட்டுமில்ல, 'விசாலம்'னு ஒரு ஓட்டலும் இருக்கு. ஒரு செட்டியார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டின வீடு அது. அவ்வளவு தூரம் போக முடியாத கடலூர் மக்கள், புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவுல 'மெசோன் பெருமாள்' பார்க்கலாம். அதுவும் பழைய தமிழ் வீடுதான்.

சொகுசு ஓட்டல்காரங்க இப்படி வீட்டைத் தேடிப் போறது ஏன்? செட்டிநாட்டு வீட்டைப் பாருங்க. வெளியில திண்ணை, அப்புறம் முகப்பு, அதைத் தாண்டினா வளவு. நடுவுல திறந்த முற்றம், சுத்தி தூண் வெச்ச தாழ்வாரம், அதையொட்டி அறைகள். பின்கட்டுல சமையல். பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல்லு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேத்தின சுண்ணாம்புச் சுவர். கரண்ட் இல்லாத காலத்து ஏசி :)

இதுக்கெல்லாம் காசு பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டித்தொழில்ல வந்தது. 1930-களின் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சது அடுத்த அடி. போட்ட பணம் பெரும்பாலும் திரும்பலை. வீடு மட்டும் நின்னுச்சு, அதுவும் பல பங்காளிகளுக்குப் பொதுவா. எல்லாரும் ஒத்துக்காம விக்கவும் முடியாது, செப்பனிடவும் முடியாது. பூட்டியே கிடந்து, கடைசியில பல வீடுகளை இடிச்சு, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு வந்துடுச்சு. அங்கிருந்து எங்கெங்கோ ஓட்டல் லாபிக்கும் போகுது.

என்னைக் கேட்டா, லாபியில தனியா நிக்கிற தூணைவிட, ஓட்டலாவே ஆனாலும் முழுசா நிக்கிற வீடு எவ்வளவோ மேல். கூரை ஒழுகினா பார்க்க ஆள் இருக்கு.

ஆனா ஒண்ணு. அந்த வீட்டுல கல்யாணமான மகன் ஒவ்வொருத்தனுக்கும் வளவுல ஒரு அறை உண்டு. அது சாமான் வைக்கவும் ராத்திரி படுக்கவும்தான். பேச்சு, சண்டை, வத்தல் காயப்போடுறது எல்லாம் முற்றத்தைச் சுத்தித்தான். ஓட்டல் விக்கிறதோ அறையை! குளியலறை சேர்த்து, சாவி கொடுத்து, கதவைச் சாத்திக்கச் சொல்லுது. முற்றம் போட்டோ எடுக்கிற இடமாயிடுச்சு.

போய்த் தங்கினீங்கன்னா, கொஞ்ச நேரம் தாழ்வாரத்துல உட்காருங்க. வீடு அங்கதான் இருக்கு.