மூன்றில் இரண்டு

எங்கள் பிள்ளைகளுக்கு டைனோசோர்களின் பெயர்கள் மனப்பாடம். அவற்றைக் கண்டெடுத்தவர்களைத்தான் பலருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் கிடியன் மான்டெல்.

1790 இல் இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் சப்பாத்துத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். அரச திருச்சபையைச் சேராத குடும்பம் என்பதால் ஊரின் பெரிய பாடசாலையில் அவருக்கு இடமில்லை. படிப்பின் வாசல் மூடப்படுவது என்னவென்று எங்கள் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வைத்தியரிடம் தொழில் பழகித் தானும் வைத்தியரானார். நோயாளிகளைப் பார்த்து மிஞ்சிய நேரத்தில் புதைபடிவங்களைத் தேடினார்.

1820 களின் தொடக்கத்தில் குக்ஃபீல்ட் கற்குழிகளிலிருந்து விசித்திரமான சில பற்கள் அவருக்குக் கிடைத்தன. இலைதழை தின்று தேய்ந்த பற்கள். பாரிஸ் பேரறிஞர் குவியே முதலில் காண்டாமிருகத்தின் பல் என்றார். மான்டெல் விடவில்லை. 1824 இல் குவியே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு லண்டன் நூதனசாலை ஒன்றில் சாமுவேல் ஸ்டட்ச்பரி என்பவர், இகுவானா என்ற ஓணான் வகையின் பற்களும் இதே வடிவம் என்று காட்டினார். ஆனால் மான்டெலின் பற்கள் பலமடங்கு பெரியவை. 1825 இல் அந்த விலங்குக்கு இகுவானோடன் என்று பெயரிட்டார். 1833 இல் ஹைலியோசோரஸ் என்ற இன்னொன்றையும் அறிவித்தார்.

கணக்காளன் என்பதால் எனக்கு ஐந்தொகையும் பார்க்கத் தோன்றுகிறது. வைத்தியத் தொழில் நலிந்தது. 1838 இல் தன் சேகரிப்பை 4,000 பவுணுக்குப் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்றார். 1839 இல் மனைவி பிரிந்து போனார். 1841 இல் குதிரைவண்டி விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது.

1842 இல் ரிச்சர்ட் ஓவன் இந்த விலங்குகளுக்கு 'டைனோசோரியா' என்ற பொதுப்பெயரை வெளியிட்டார். புகழும் அவர் பக்கம் போனது. ஆனால் அந்தப் பெயருக்கு அவர் ஆதாரமாகக் கொண்ட விலங்குகள் மூன்றே. அதில் இரண்டு மான்டெல் கண்டவை. ஓவன் எதிர்த்தும் 1849 இல் ரோயல் சொசைட்டி மான்டெலுக்குப் பதக்கம் வழங்கியது. 1852 இல், வலிக்காக எடுத்த அபின் மிஞ்சி அவர் இறந்தார்.

மகன் வால்டர் 1840 இல் நியூசிலாந்தில் குடியேறினார். அவர் வழியாகப் போய்ச் சேர்ந்த ஒரு பல் அங்குள்ள தெ பாப்பா நூதனசாலையில் இருக்கிறது.

பெயர் வைத்தவரின் பெயர் நிலைத்துவிடும். மண்ணைக் கிளறியவரின் பெயரை யாராவது சொல்லிக்கொண்டிருந்தால்தான் அது நிலைக்கும். பிள்ளைகளோடு நூதனசாலைக்குப் போகும்போது மான்டெல் என்ற பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.