ஒரே நாட்டில் இரண்டு கடிகாரங்கள்

தியானப் பகுதி: ரோமர் 14:1-12



கோடைக்காலத்தில் பகல் வெளிச்சத்தை மிகுதியாகப் பயன்படுத்தும்பொருட்டு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி இதனை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்பற்றியது. வேதாகமத்தில் கேதுரு மரங்களுக்குப் பெயர்பெற்ற லெபனானில், மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் இம்மாற்றம் நிகழும்.

2023ஆம் ஆண்டில் அந்த ஞாயிறு மார்ச் 26. அது ரமலான் நோன்புக் காலம். மூன்றே நாட்களுக்கு முன்பு, பிரதமர் நஜீப் மிக்காத்தி, கடிகார மாற்றத்தை ஏப்ரல் 20 வரை ஒத்திவைப்பதாக அறிவித்தார். கடிகாரத்தின்படி ஒரு மணி நேரம் முன்னதாக நோன்பு திறக்க இது உதவும் எனக் கருதப்பட்டது. யாரையும் கலந்து ஆலோசிக்காமல் எடுத்த முடிவு என்று சொல்லி, மரோனைட் திருச்சபை இதை ஏற்க மறுத்தது. ஆலயங்களும், சில தொலைக்காட்சி நிலையங்களும், பல பள்ளிகளும் கடிகாரங்களை முன்னே தள்ளின. அரசு அலுவலகங்களோ பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே தெருவில் ஒருவருக்கு மணி எட்டு, அயலாருக்கு ஒன்பது. கைக்கடிகாரமே ஒருவரது மார்க்கத்தின் அடையாளமாயிற்று. உள்நாட்டுப் போரின் காயங்கள் ஆறாத தேசம் அது. மார்ச் 27 அன்று அமைச்சரவை பின்வாங்கியது; 29ஆம் தேதி நள்ளிரவில் அனைவரும் ஒரே நேரத்துக்கு வந்தார்கள்.

அந்நாட்களில் கணினிகள் பட்ட பாட்டில் நமக்கு ஒரு பாடம் உண்டு. லினக்ஸ் கணினி தன் உள்ளத்தில் ஊர் நேரத்தை வைத்திருப்பதில்லை. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை, உலகப் பொது நேரத்தின்படி எண்ணிக்கொண்டே செல்கிறது. எந்த நாடு எந்நாளில் கடிகாரத்தை மாற்றுகிறது என்னும் விதிகள் தனியே ஓர் அட்டவணையில் உள்ளன. அவ்வட்டவணையின்படி கணக்கிட்ட நேரமே திரையில் தோன்றுகிறது. அதைப் பேணுவோர் மார்ச் 23 அன்றே லெபனானுக்காகப் புதிய பதிப்பு வெளியிட்டார்கள். அரசு பின்வாங்கியதும் 28ஆம் தேதி மற்றொரு பதிப்பால் பழைய விதிக்கே திரும்பினார்கள்.

இடைப்பட்ட நாட்களில் பலர் கடிகாரத்தைக் கையாலேயே திருத்திக்கொண்டார்கள். அப்படிச் செய்தால் திரையில் வேண்டிய மணி தெரியும். ஆனால் உள்ளிருக்கும் எண்ணிக்கை ஒரு மணி நேரம் பிசகிவிடும். அதன்பின் எழுதும் ஒவ்வொரு கோப்பும், அனுப்பும் ஒவ்வொரு மடலும் தவறான நேரத்தையே சுமக்கும். எண்ணிக்கையைத் தொடாமல் அட்டவணையைப் புதுப்பிப்பதே முறையான திருத்தம்.

ஆதித்திருச்சபையும் இத்தகைய சோதனையைக் கண்டது. ஏறக்குறைய கி.பி. 155இல், முதியவரான சிமிர்னாவின் பேராயர் பொலிக்கார்ப் ரோமாபுரிக்குச் சென்று, அங்குள்ள பேராயர் அனிசேட்டஸைச் சந்தித்தார். பஸ்கா பண்டிகையை எந்நாளில் ஆசரிப்பது என்பதில் ஆசியா நாட்டுச் சபைகளுக்கும் ரோமாபுரிச் சபைக்கும் வேற்றுமை இருந்தது. இருவரும் பேசினார்கள், ஒருவரை ஒருவர் இணங்கச் செய்ய இயலவில்லை. ஆயினும் அனிசேட்டஸ் தம் சபையிலே திருவிருந்தை நடத்தும் கனத்தைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார். சமாதானத்தோடே பிரிந்தார்கள். ஐரேனியு எழுதிவைத்த இச்செய்தியை வரலாற்றாசிரியர் யூசேபியு நமக்காகப் பாதுகாத்துள்ளார்.

லெபனானில் திருச்சபை எழுப்பிய குறை நியாயமற்றதல்ல. கலந்து பேசாமல் ஓர் இரவில் தேசத்தின் நேரத்தை மாற்றுவது முறையன்று. அயலாரின் நோன்பும் மதிக்கத்தக்கதே. இரண்டு நியாயங்களும் ஒரு மேசையில் அமர்ந்து பேசாததால், ஒரு மணி நேரம் இரு சமூகங்களின் நடுவே மதிலாயிற்று.

நம் சபைகளிலும் ஆராதனையைக் காலை எத்தனை மணிக்குத் தொடங்குவது, கிறிஸ்து பிறப்பின் ஆராதனையை நள்ளிரவில் நடத்துவதா விடியலில் நடத்துவதா என்பவற்றில் மனத்தாங்கல்கள் எழுகின்றன. குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதும் உண்டு. பிரியமானவர்களே, இவையெல்லாம் அட்டவணைக்கு உரியவை. பேசித் திருத்தலாம், விட்டுக்கொடுக்கலாம். நேற்றும் இன்றும் மாறாத கிறிஸ்துவும், அவர் நமக்குக் கட்டளையிட்ட அன்புமே உள்ளிருக்கும் எண்ணிக்கை. நம் விருப்பத்தை நிலைநாட்ட அந்த அன்பிலே கைவைத்தால், வெளியே மணி சரியாகத் தோன்றினாலும் அதன்பின் நாம் செய்வதெல்லாம் பிசகும்.

இவ்வாரத்தில், நேரத்தைக் குறித்தோ முறைமையைக் குறித்தோ நம்மோடு மாறுபட்ட ஒரு சகோதரரை, சகோதரியைத் தேடிச் செல்வோம். இணங்க முடியாவிட்டாலும், வருகிற ஞாயிறு திருவிருந்தில் அவர் அருகே முழங்காற்படியிடுவோம்.

ஜெபம்: காலங்களை உமது கரத்தில் வைத்திருக்கும் ஆண்டவரே, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுவிடலாகாது என்று அறியும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.