தெளிந்த நீரும் நல்ல நீரும்

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை வண்ண மீன்களுக்குப் பேர்போனது. ஊரையும் ஊர்க் குளத்தையும் விட்டு வந்து, வெளிமாநிலத்து அடுக்கு வீடுகளில் வாழும் நம்மில் பலர், அத்தகைய சந்தைகளில் மீன் வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விடுகிறோம். சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கிறது! இதற்குக் காரணம் காண மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று.

1849-ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சிறு பொன்மீன்கள் இரண்டையும், வாலிஸ்னீரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு கலத்தில் இட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்றுப் பிராணவாயுவைத் தரும் என்பது அவர் கருத்து. ஆயின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இம்முடிவை அறிஞர் கழகத்தில் வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பெற்றது. விரைவில் வீடுகளிலும் தொட்டிகள் இடம்பெற்றன.

எனினும் கண்ணுக்குப் புலப்படாத பகை ஒன்று எஞ்சி நின்றது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே பிறக்கிறது. நிறமின்றிக் கரைந்திருக்கும் நஞ்சு அது. 1877-இல் பிரெஞ்சு அறிஞர் ஷ்லேசிங், மூண்ட்ஸ் இருவரும் கழிவுநீரை மணலினூடே செலுத்தியபோது அம்மோனியா நைட்ரேட்டாக மாறிற்று. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. எனவே, மாற்றத்தைச் செய்பவை உயிர்களே என்று தெளிந்தனர். 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் மண்ணை ஆராய்ந்து, அந்நுண்ணுயிர்கள் இருவகை எனக் காட்டினார். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைக் கொடுமை குறைந்த நைட்ரேட்டாக்கும்.

மீன்தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் நிகழ்வது இதுவே. புதுத் தொட்டியில் இவ்வுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நாமோ முதல் நாளிலேயே மீன்களை நிரப்புகிறோம். தூய்மையை விரும்பி வடிகட்டியையும் மணலையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறோம். மீனைக் காக்கும் நுண்ணுயிர்களை நாமே அழித்துவிடுகிறோம்!

நீரை அளந்தறியும் முறைகளும் அக்காலத்தே பிறந்தன. 1888-இல் ஹங்கேரியரான விங்க்ளர் நீரில் கரைந்த பிராணவாயுவை அளக்க வழி கண்டார். 1909-இல் டென்மார்க்கின் சோரன்சன், அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவை வகுத்தார். காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தால் அம்மோனியாவின் கொடுமையும் மிகும்.

இன்று சோதனைக்குழாயில் சில துளி மருந்திட்டு, நிறத்தைக் கொண்டு இவற்றை வீட்டிலேயே அறியலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை காட்டிய பின்னரே மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் நலம். வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவோம். குளோரின் கலந்த குழாய் நீரை, அதன் வேகம் தணித்த பின்னரே ஊற்றுவோம். கண்ணின் சான்று மட்டும் போதாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் பாடம்.