மழையில் நெடுந்தொலைவு முப்போட்டி

நெடுந்தொலைவு முப்போட்டி என்பது நீச்சல், மிதிவண்டி ஓட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்க வேண்டிய தாங்குதிறன் விளையாட்டு ஆகும். நெடுமுப்போட்டி, டிரையத்லான் என்னும் பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட அயர்ன்மேன் போட்டியில் 3.86 கி.மீ. நீச்சல், 180.2 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் என ஏறத்தாழ 226 கி.மீ. கடக்க வேண்டும். இதன் சரிபாதித் தொலைவு கொண்ட போட்டி, மொத்த மைல் கணக்கை ஒட்டி அயர்ன்மேன் 70.3 எனப்படுகிறது.

முழுத் தொலைவுப் போட்டியை முன்னணி வீரர்கள் எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் முடித்துவிடுவர். பொழுதுபோக்காகப் பங்கேற்போருக்குப் பொதுவாக 17 மணி நேரம் வரை அளிக்கப்படுகிறது. இத்தனை நேரம் திறந்த வெளியில் நடப்பதால் வானிலை போட்டியின் போக்கையே மாற்றக்கூடியது. வெயிலின் கொடுமை குறித்து நிறையப் பேசப்படுகிறது. குளிர்ந்த மழையின் தீங்கு அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை.

தொடக்க காலம்

முதல் அயர்ன்மேன் போட்டி 1978 பிப்ரவரி 18 அன்று அவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாகூவில் நடைபெற்றது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் கொலின்சும் அவர் மனைவி ஜூடி கொலின்சும் இதைத் தொடங்கினர். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் முடித்த கார்டன் ஆலர் முதலிடம் பெற்றார்.

மோசமான வானிலை அடுத்த ஆண்டே குறுக்கிட்டது. 1979 இல் ஏறக்குறைய 50 பேர் கூடியிருந்தும், புயற்காற்றாலும் கடல் கொந்தளிப்பாலும் போட்டி ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் 15 பேர் மட்டுமே களமிறங்கினர். டாம் வாரன் வென்றார். போட்டியில் பங்குகொண்ட முதல் பெண்ணான லின் லெமேர் ஒட்டுமொத்தமாக ஐந்தாம் இடம் பெற்றார். 1980 இலும் அலைகள் உயர்ந்திருந்ததால் நீச்சல் அலா மோனா கடற்கரையின் அமைதியான நீருக்கு மாற்றப்பட்டது. 1981 இல் போட்டி அவாய்ப் பெருந்தீவின் கோனா பகுதிக்குச் சென்றது. எரிமலைப் பாறைகளும் வெப்பக் காற்றும் நிறைந்த கோனாவின் புகழால், வெயிலில் நடக்கும் விளையாட்டு என்ற எண்ணம் இப்போட்டியைப் பற்றி ஏற்பட்டது. மழையோடு அதற்கிருந்த தொடக்ககாலத் தொடர்பு பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

உடல் வெப்பமும் மழையும்

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. இது 35 பாகைக்குக் கீழே இறங்கும் நிலை உடல்வெப்பக் குறைவு எனப்படுகிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எனவே நனைந்த ஆடையுடன் காற்றில் செல்பவருக்குக் குளிர் உறைக்க உறைபனி தேவையில்லை. 10 முதல் 15 பாகை வெப்பநிலையில் பெய்யும் சாதாரண மழையே போதும்.

உழைக்கும் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. வேகமாகச் செல்லும்வரை வீரரை இது காக்கிறது. முன்னணி வீரர் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறார். விரைவில் முடித்தும் விடுகிறார். பின்வரிசையில் இருப்பவர் குறைந்த வேகத்தால் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறார், ஆனால் அதே மழையில் இருமடங்கு நேரம் நனைகிறார். களைப்பு கூடி வேகம் மேலும் குறையும்போது உள்ளிருந்து வரும் வெப்பமும் குறைகிறது. ஆகவே மழைநாளில் உண்மையான இடர் பரிசுக்குப் போட்டியிடுவோரைவிட நேர வரம்புக்குள் முடிக்கப் போராடுவோருக்கே மிகுதி. செய்திகளில் முன்னணியினரின் நேரங்களே இடம்பெறுவதால் இது வெளியே தெரிவதில்லை.

முதல் அறிகுறி நடுக்கம். அடுத்து விரல்கள் மரத்து, உணவு உறையைப் பிரிக்கவோ பிரேக்கைப் பிடிக்கவோ முடியாமல் போகும். பின்னர் பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை வரும். உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுதலன்று. நிலைமை முற்றிவிட்டதன் அடையாளம் அது. குளிர் சிந்தனையையும் மழுக்குவதால் பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணர்வது அரிது. வழியில் நிற்கும் தன்னார்வலர் பெயரையும் போட்டி எண்ணையும் கேட்டுப் பேச்சுக் கொடுப்பது இதைக் கண்டறிய எளிய வழியாகும்.

இவ்வகை இடர் எதுவரை செல்லும் என்பதைச் சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கி.மீ. மலை ஓட்டம் காட்டியது. அது முப்போட்டி அன்று. எனினும் இத்துறையில் உள்ளோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு. திடீரென வீசிய கடுங்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும், புறப்பட்ட 172 பேரில் 21 பேர் இறந்தனர். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயப் பொருட்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. ஆடு மேய்ப்பவர் ஒருவர் தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு ஓட்டக்காரர்களைச் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

நீச்சல் பகுதி

மழைத்துளிகள் நீந்துபவரைப் பெரிதும் தடுப்பதில்லை. ஏற்கெனவே நனைந்திருப்பவருக்கு மழை ஒரு பொருட்டன்று என்றே கூறலாம். வழிகாட்டும் மிதவைகள் கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டும் ஓர் இடையூறு. இடர் தருபவை மின்னலும், மழைக்குப்பின் கரையிலிருந்து வந்து கலக்கும் கழிவுநீருமே.

அமெரிக்காவின் நியூ யார்க் மாநிலத்திலுள்ள லேக் பிளாசிட் நகரில் 2014 சூலையில் நடந்த அயர்ன்மேனில் நீச்சல் தொடங்கிய பின் இடிமின்னலுடன் மழை வந்தது. நீரில் இருந்தவர்கள் கரையேற்றப்பட்டனர். நீச்சல் தொலைவை முடிக்காதவர்களும் அடுத்த பகுதிக்குச் செல்ல விடப்பட்டனர். 2024 பாரிசு ஒலிம்பிக்கில், மழையால் செயின் ஆற்றில் நுண்ணுயிர் மாசு கூடியதை அடுத்து, சூலை 30 அன்று நடக்கவேண்டிய ஆடவர் முப்போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஒலிம்பிக் முப்போட்டி குறுந்தொலைவுப் போட்டியே என்றாலும், நகர ஆற்றிலோ ஏரியிலோ நீச்சல் நடத்தும் எவருக்கும் இது பொருந்தும்.

நீர் குளிர்ந்திருந்தால் உடலை ஒட்டிய இரப்பர் நீச்சலுடை அணியலாம். அயர்ன்மேன் விதிகளின்படி பொதுப் போட்டியாளர்களுக்கான மேல்வரம்பு 24.5 பாகை. இந்த உடை வெப்பத்தைக் காப்பதோடு மிதக்கவும் உதவுகிறது. கரையேறியதும் அதைக் கழற்றி, மெல்லிய ஈர உடையுடன் மிதிவண்டியில் ஏறும் நேரமே மழைநாளின் முதல் சோதனை.

மிதிவண்டிப் பகுதி

மூன்று பகுதிகளில் மழை மிகவும் தாக்குவது இதுவே. நேரத்திலும் தொலைவிலும் இதுவே நீளமானது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்பவர் தமக்கெதிரே தாமே ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். மேட்டில் ஏறும்போது உழைப்பால் உடல் சூடாகும். இறக்கத்தில் உழைப்பு நின்றுபோகிறது, காற்றோ இருமடங்காகிறது. இதனால் ஏற்றத்தைவிட இறக்கத்தையே மழையில் ஓட்டுவோர் அஞ்சுகின்றனர். லேக் பிளாசிட்டில் 2008 சூலை 20 அன்று நடந்த போட்டி நாள் முழுதும் பெய்த மழைக்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அங்கே கீன் என்னும் ஊரை நோக்கிச் செல்லும் நீண்ட மலையிறக்கத்தை, இரு சுற்றுக்களாக அமைந்த பாதையில் இருமுறை கடக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செயின்ட் சார்ச் நகரில் 2021 செப்டம்பர் 18 அன்று நடந்த அயர்ன்மேன் 70.3 உலகப் போட்டி இன்னொரு வகை எடுத்துக்காட்டு. அது வறண்ட பாலைநிலப் பகுதி. மிதிவண்டிப் பகுதியின் நடுவே சூறைக்காற்றும் கனமழையும் ஆலங்கட்டியும் வந்து, பின் விலகின. கசுடாவ் ஈடனும் லூசி சார்லசு-பார்க்லேயும் பட்டம் வென்றனர். வறண்ட ஊர் என்பதால் மழையாடை தேவையில்லை என்று கொள்ளமுடியாது என்பதை அப்போட்டி உணர்த்தியது.

ஈரச் சாலையில் வழுக்கும் இடங்கள் சாலை முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், தொடருந்துப் பாதைக் கடவைகள் ஆகியவையே பெரும்பாலும் ஆளை வீழ்த்துகின்றன. நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலெழுந்து வழுக்கலை மிகுவிக்கும். தொடர்ந்து பெய்து கழுவிய சாலை அதைவிடப் பாதுகாப்பானது. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்குகள், குறிப்பாகக் கரிமஇழைச் சக்கரங்களில், நனைந்ததும் சற்றுத் தாமதித்தே பிடிக்கும். வட்டு வகைப் பிரேக்குகளில் இக்குறை மிகக் குறைவு. டயரின் காற்றழுத்தத்தைச் சிறிது குறைப்பது பொதுவான வழக்கம். ஈரமான கண்ணாடித் துண்டும் கூர்ங்கல்லும் இரப்பரை எளிதில் வெட்டுவதால் பஞ்சர்களும் மிகும். மரத்த விரல்களால் குழாய் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

குளிரில் தாகம் தெரியாது. இதனால் குடிப்பதும் உண்பதும் குறைந்து, சில மணி நேரத்தில் ஆற்றல் வற்றும். நடுங்கும் உடல் கூடுதலாகச் சர்க்கரையை எரிப்பதால் மழைநாளில் உணவின் தேவை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. உறைகளை முன்கூட்டியே சிறிது கிழித்து வைத்துக்கொள்வோர் உண்டு.

ஓட்டப் பகுதி

ஓட்டத்தில் காற்றின் வேகம் குறைவு என்பதால் பலருக்கு உடல் மெல்லச் சூடாகிறது. இங்கே தொல்லை பாதங்களில். மணிக்கணக்கில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகிக் கொப்புளம் கொள்ளும். தொடையிடுக்கிலும் அக்குளிலும் உராய்வுப் புண் உண்டாகும். வாசலின் தடவுவதும், மாற்றுக் காலுறை வைத்திருப்பதும் இதற்கான எளிய காப்பு. ஓட முடியாமல் நடக்கத் தொடங்குபவருக்குக் குளிர் மீண்டும் பற்றும். முடித்த பின்னும் சிறிது நேரம் உள்வெப்பநிலை இறங்கக்கூடும். உலர்ந்த உடை, போர்வை, சூடான நீர் ஆகியவை முடிவுக்கோட்டில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

விதிகள்

அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் வெளியாரின் உதவி பெறக்கூடாது. வழியோரம் நிற்கும் உறவினர் ஓர் உலர்ந்த சட்டையைக் கொடுத்தாலும் அது விதிமீறலாகும். பகுதி மாறும் இடங்களிலும் நடுவழியிலும் தாமே முன்னதாகக் கட்டி ஒப்படைத்த பைகளே துணை. எனவே மழைநாள் போட்டியின் பெரும்பகுதி முந்தைய நாள் பை கட்டும்போதே தீர்மானிக்கப்படுகிறது. நோர்வேயில் 2003 முதல் நடைபெறும் நார்சுமன் போட்டி இதற்கு நேர்மாறானது. குளிர்ந்த கடற்கழியில் படகிலிருந்து குதித்துத் தொடங்கி, கவுசுடாதோப்பன் மலையில் முடியும் அப்போட்டியில் ஒவ்வொருவரும் தமக்கான உதவியாளரை உடன் கொண்டுவருவது கட்டாயம்.

வழக்கமான நேர வரம்புகள் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், மிதிவண்டியின் முடிவுக்குப் புறப்பட்டதிலிருந்து 10 மணி 30 நிமிடம் என்பன. இவ்வரம்புகள் மழைக்காகப் பொதுவாகத் தளர்த்தப்படுவதில்லை. மேலாடை மாட்ட ஐந்து நிமிடம் நிற்பதா, நனைந்தபடியே செல்வதா என்னும் கேள்வி பின்வரிசையினருக்கு இதனால்தான் கடினமாகிறது. ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்து இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவக் கூடாரத்தில் அமர்வதே பெரும்பாலும் நிகழ்வது.

தெற்காசியாவில்

இந்தியர்கள் நெடுங்காலம் வெளிநாடுகளுக்குச் சென்றே இப்போட்டிகளில் பங்கேற்றனர். அனு வைத்தியநாதன் 2009 இல் கனடாவில் மூன்று நாள் நடக்கும் அல்ட்ராமேன் போட்டியை (10 கி.மீ. நீச்சல், ஏறத்தாழ 420 கி.மீ. மிதிவண்டி, 84 கி.மீ. ஓட்டம்) முடித்தார். நடிகர் மிலிந்த் சோமன் 2015 இல் சூரிக் அயர்ன்மேனை முடித்தார். கொழும்பில் 2018 பிப்ரவரியிலும், கோவாவின் பணஜியில் 2019 அக்டோபரிலும் அயர்ன்மேன் 70.3 போட்டிகள் முதன்முறையாக நடத்தப்பட்டன.

இப்பகுதியின் மழை வெதுவெதுப்பானது. கடற்கரையில் 26 பாகையில் பெய்யும் மழை உடலைக் குளிர்விக்கும் நன்மையாகவே பலருக்கு அமைகிறது. இங்குள்ள இடர்கள் வழுக்கும் சாலை, மின்னல், கலங்கிய நீர் ஆகியவை. இவ்வேறுபாட்டை அறியாமல், உள்ளூர் மழையில் பழகிய துணிவுடன் ஐரோப்பிய மழைக்குச் செல்வது தவறாக முடியும்.

விருதுநகர் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளில் இருந்து பயில்வோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சிவகாசி, நாரணாபுரம் வட்டாரத்தில் பட்டாசுத் தொழில் வேரூன்றக் காரணங்களுள் ஒன்று குறைந்த மழையும் வறண்ட காற்றும் ஆகும். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. மட்டுமே. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மழை பெய்தால் வெயிலில் காயவேண்டிய சரக்கு நின்றுவிடும் என்பதால் மழையை ஐயத்துடன் பார்க்கும் ஊர்கள் இவை. கண்மாய்கள் நிறைந்து நீந்தத் தகுந்த நீர் கிடைப்பதும், சாலைகள் நனைவதும் அந்தச் சில வாரங்களில்தான். வெயிலில் பழகிய உடல் விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. குளிர்மழையில் இத்திறன் பயன்தருவதில்லை. ஈரச் சாலையில் திரும்புவதையும் பிரேக் பிடிப்பதையும் பருவமழைக் காலத்தில் ஊரிலேயே பழகலாம். குளிரில் நனைந்தபடி நீண்ட இறக்கத்தில் வருவதைப் பழகக் கொடைக்கானல், உதகை போன்ற மலைப்பகுதிகளுக்கே செல்லவேண்டும்.