கூந்தலில் ஏறிய புகை

தலை குளித்த பின் ஈரக் கூந்தலை நறும்புகையில் காட்டி உலர்த்துவது தமிழரின் மிகப் பழைய மணப் பழக்கங்களில் ஒன்று. சந்தனத்தைப் பூசினால் மணக்கும், பூவைச் சூடினால் மணக்கும். இரண்டின் மணமும் அன்றே மங்கிவிடும். புகையில் ஏறிய பிசின் மயிரிழையோடு ஒட்டிக்கொண்டு, தலை அசையும்போதெல்லாம் மறுநாளும் மணக்கும். திரவ வாசனைகள் பரவுவதற்கு முன் உடலில் நெடுநேரம் தங்கிய மணம் என்றால் அது பெரும்பாலும் புகை மணம்தான்.

இதன் தெளிவான பழஞ்சித்திரம் நக்கீரரின் நெடுநல்வாடையில் இருக்கிறது. கூதிர்க்காலம். வடநாட்டிலிருந்து வந்த சாந்தரைக்கும் வட்டக்கல்லும் தென்மலைச் சந்தனமும் தொடுவாரின்றிக் கிடக்கின்றன. குளிர்ச்சி தரும் சந்தனம் குளிர்நாளில் யாருக்கு வேண்டும்? மகளிர் கூந்தலில் சில பூக்களே சூடுகிறார்கள். தகர மரத்து விறகில் நெருப்பு மூட்டி, கரிய வயிரமுள்ள அகிலையும் வெண்ணிற அயிரையும் அதில் இட்டுப் புகைக்கிறார்கள். அயிர் என்பது கண்டசருக்கரை என்பார் நச்சினார்க்கினியர். மணம், வெப்பம், உலர்த்தல் என மூன்று தேவையும் ஒரே நெருப்பில் நிறைவேறின. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைக் காதை இன்னும் ஒரு செய்தி தருகிறது: வெள்ளயிர் மேற்கிலிருந்தும் காரகில் கிழக்கிலிருந்தும் வந்தவை.

கரிய வயிரம் என்ற அடைமொழி வெறும் அழகுக்காக வந்ததன்று. நோயில்லாத அகில் மரத்தின் கட்டை வெளிறியது, இலேசானது, மணமற்றது. மரத்தில் காயம் பட்டு அதன் வழியே பூஞ்சை நுழையும்போது, தன்னைக் காத்துக்கொள்ள மரம் கரும்பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய அந்தப் பகுதி கறுத்து, நீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்துப்போகும். நெருப்பிலிட்டால் மணப்பது அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வெள்ளகில் என்ற வேறோர் இன மரம் உண்டு. குறிஞ்சி நிலத்தார் தினை விதைக்க அகிலையும் சந்தனத்தையும் வெட்டிச் சுட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஆனால் விலை மிகுந்த கருஞ்சரக்கு கடல் கடந்தே வந்தது.

எங்கிருந்து வந்தது என்பதைச் சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லாரே காட்டிவிடுகிறார். ஊர்காண் காதையில், தொண்டியில் உள்ளோர் கப்பலில் ஏற்றிய அகில், துகில், சந்தனம், வாசம், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்து கீழ்க்காற்று மதுரைக்கு வருகிறது. அந்த இடத்துக்கு உரை எழுதும்போது அவர் அகிலை வகை பிரிக்கிறார்: அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். முதல் மூன்றும் ஊர்ப்பெயரால் அமைந்தவை. அருமணம் கீழைப் பர்மா என்பது ஆய்வாளர் கருத்து. தக்கோலம் மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம். கிடாரம் என்பது கடாரம், இன்றைய கெடா. 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த முதலாம் இராசேந்திரனின் கடல் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் தலைத்தக்கோலமும் கடாரமும் இடம்பெறுகின்றன. பெரும்பாலும் போர்ச் செய்தியில் நினைவுகூரப்படும் இந்த ஊர்கள் வணிகர் வாயில் சரக்கின் தரத்துக்கே பெயராகியிருந்தன. ஓர் உரைக்குறிப்புக்குள் ஒரு சந்தையே அடங்கியிருக்கிறது.

அகிலின் இடத்துக்குப் பிற்காலத்தில் வந்தது சாம்பிராணி. அதன் முதன்மையான தாயகம் சுமத்ராவின் வடமேற்கு மலைகள். அங்குள்ள பாத்தாக் மக்கள் மரப்பட்டையைக் கீறிவிட்டுச் சில மாதங்கள் காத்திருப்பார்கள். வடிந்து இறுகிய பால்பிசினைப் பிறகு பெயர்த்தெடுப்பார்கள். அந்தப் பகுதியின் பழைய துறைமுகம் கருப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பாருஸ். அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே கூடி வந்து செல்லும் கப்பல்களுக்குக் கட்டணம் விதித்ததைப் பதிவு செய்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் சுமத்ராவைக் கண்ட இபன் பதூதா இந்தப் பிசினை ஜாவாக் குந்திரிக்கம் என்ற பொருளில் ‘லுபான் ஜாவி’ என்று எழுதினார். அச்சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து ‘பென்சாயின்’ ஆனது. பென்சாயிக் அமிலம், பென்சீன் ஆகிய வேதியியல் பெயர்களும் அதன் வழிவந்தவையே.

கோயிலில் இன்னொரு பிசினும் புகைந்தது. திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர், நெல் வாங்கிவர மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை விற்று இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கியதாகச் சேக்கிழார் பாடுகிறார். பசித்த வீட்டில் நெல்லுக்கு எதிராக நிறுத்தத்தக்க மதிப்பு ஒரு நறும்புகைக்கு இருந்தது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

வீடுகளில் பழக்கம் எளிய வடிவில் நிலைத்தது. செவ்வாய், வெள்ளிகளில் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் தூபக்காலில் கரித்துண்டு கனலும். அதில் சாம்பிராணித் தூளைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கூந்தலைப் பரப்புவார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் குளித்த பின் சாம்பிராணி போடுவது கட்டாயம். குழந்தையின் மூச்சுக்குப் புகை ஆகாது என்று மருத்துவர்கள் இன்று தடுக்கிறார்கள். அதில் அவர்கள் சொல்வதே சரி. கடைத்தெருவில் சாம்பிராணிப் புகை காட்டிச் செல்லும் பக்கீர்களும் இந்த மரபின் பகுதியே.

இப்போது கரியும் தூபக்காலும் தேவைப்படாத ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ வந்துவிட்டது. அது பூசையறைக்குப் போதும். ஈரக் கூந்தலை உலர்த்தும் கனல் அதில் இல்லை. அகிலோ அளவுமீறி வெட்டப்பட்டு அருகியதால், அதன் முக்கிய இனமொன்று 1995-இலும் பிற இனங்கள் பத்தாண்டு கழித்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.