ஓருடல், ஈருடல் பாய்மரப் படகுகள்

நெடும்பயணத்துக்குப் பாய்மரப் படகு வாங்குவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, உடல் ஒன்றா இரண்டா என்பதை. ஓருடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ சேர்ந்த கனத்த ஏரா உண்டு. காற்றில் சாயும், அலை கவிழ்த்தாலும் பெரும்பாலும் தானே நிமிரும். படகு சாய்வதால் சமையல் அடுப்பையே ஊசலாடும்படி மாட்டியிருப்பார்கள். ஈருடல் படகான கேட்டமரானில் தேநீர்க் குவளை மேசையில் வைத்த இடத்திலேயே நிற்கும். ஆழமில்லாத கரையிலும் ஒதுங்கலாம். ஆனால் சுமை கூடினால் வேகம் குன்றும், கவிழ்ந்தால் நிமிராது.

கேட்டமரான் என்ற பெயர் தமிழின் கட்டுமரத்திலிருந்து போனது. வடிவமோ பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணியுடையது. நம் கட்டுமரம், மரத்தண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃபின் ஈருடல் படகான ‘அமரில்லிஸ்’ நியூயார்க் பந்தயத்தில் ஓருடல் படகுகளை முந்தியது. ஆனாலும் கடுங்குளிர்ப் புயற்கடலுக்கு ஓருடலே தகும். வெப்பமண்டலத் தீவுகளிடையே குடும்பத்தோடு நங்கூரமிட்டு வாழ ஈருடல்.